சாட்ஸ்வொர்த்: நீர் வகுத்த தோட்டத்தில் ஒரு பகல்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டெர்பிஷயரின் மலைச்சரிவுகளுக்கிடையே ஓடும் டெர்வென்ட் ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்த சாட்ஸ்வொர்த், 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இன்றுவரை கேவெண்டிஷ் குடும்பத்தாரின் இருப்பிடமாக இருந்துவருகிறது. டெவன்ஷயர் கோமகன் என்னும் பட்டம் இக்குடும்பத்துக்கு வழிவழியாக வருவது. எஸ்டேட் என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது தேயிலைத் தோட்டம். இங்கோ மாளிகை, அதையொட்டிய தோட்டம், மான்களும் செம்மறியாடுகளும் மேயும் பெரும் புல்வெளி, மேட்டுக்காடு, பண்ணைகள், சிற்றூர்கள் யாவும் ஒரே உடைமையாகச் சேர்ந்த நிலப்பரப்பே எஸ்டேட் எனப்படுகிறது. இத்தனையையும் ஒரு பகலில் பார்த்து முடிக்க இயலாது என்பதால், எதைப் பார்ப்பது என்பதைவிட எதை விடுவது என்று முன்னரே முடிவுசெய்துகொள்வதுதான் பயணத் திட்டத்தின் முதல் வேலையாகிறது.

பெரும்பாலான பயணிகள் வந்ததும் மாளிகைக்குள் நுழைந்து, ஓவியங்களிலும் பொன்முலாம் பூசிய அறைகளிலும் நெடுநேரம் செலவிட்டு, கால் ஓய்ந்த பிறகே தோட்டத்துக்கு வருகின்றனர். இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்வதே நல்லது. சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கி, மாளிகைக்கான நேரத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொண்டு, காலைப்பொழுதைத் தோட்டத்துக்கு ஒதுக்குவோருக்குத்தான் இந்த இடத்தின் அமைப்பு விளங்கும்; ஏனெனில் சாட்ஸ்வொர்த்தை ஆக்கியது கல்லும் பொன்னும் அல்ல, கிழக்கே உயர்ந்து நிற்கும் மேட்டுநிலத்திலிருந்து மேற்கே ஆற்றை நோக்கி இறங்கும் நீர்.

இலண்டனின் செயின்ட் பேங்க்ரஸ் நிலையத்திலிருந்து செஸ்டர்ஃபீல்டுக்கு இரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். அங்கிருந்தும் ஷெஃபீல்டிலிருந்தும் பேருந்துகள் உள்ளன. ஞாயிற்றுக்கிழமைகளிலும் குளிர்காலத்திலும் பேருந்துகள் குறையும் என்பதால், திரும்பும் வண்டியின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு மற்றவற்றை வகுத்துக்கொள்வது அறிவுடைமை. கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் முடிந்தபின் இளவேனில் வரை மாளிகை பொதுவாக மூடப்பட்டிருக்கும். மழை எந்த மாதத்திலும் வரலாம். நனைந்த புல்லில் வழுக்காத காலணி இல்லாமல் வருவது வீண்.

தோட்டத்தின் பரப்பு 105 ஏக்கர். அதன் சரிவில், 1696இல் முதலாம் கோமகனின் காலத்தில் பிரெஞ்சு நீரியல் வல்லுநர் கிரியே அமைக்கத் தொடங்கிய படியருவி உள்ளது. குன்றிலிருந்து வரும் நீரை 24 கற்படிகளின்மேல் பரவவிட்டு இறக்கும் இந்த அமைப்பில் எந்தப் படியும் இன்னொன்றைப் போல் இல்லை. படியின் நீளமும் கல்லின் மேற்பரப்பும் மாறுபடுவதால், அருகே நடந்து ஏறுபவரின் காதில் நீரின் ஓசையும் படிக்குப் படி மாறிக்கொண்டே வரும். கீழ்ப்படியை அடைந்த நீர் நிலத்துக்குள் மறைந்து, குழாய் வழியே சென்று, இறுதியில் ஆற்றில் கலக்கும். அண்மை ஆண்டுகளில் கசிவு காரணமாக இப்படியருவியின் ஓட்டம் நிறுத்தப்பட்டுச் சீரமைப்பு மேற்கொள்ளப்பட்டதால், புறப்படுமுன் எந்தெந்த நீரமைப்புகள் இயங்குகின்றன என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

மாளிகையின் தெற்கே நீண்டு கிடக்கும் செயற்கைக் குளத்தில் எழும் பேரரசர் நீரூற்றுக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ் 1844இல் வருவார் என எதிர்பார்த்த ஆறாம் கோமகன், அவரை வியக்கவைக்கும் பொருட்டு, மாளிகையைவிட ஏறத்தாழ 350 அடி உயரமான மேட்டில் எட்டு ஏக்கர் ஏரி ஒன்றை வெட்டச் செய்தார். தீப்பந்த வெளிச்சத்தில் இரவிலும் தொடர்ந்த வேலை ஆறே மாதங்களில் முடிந்தது. பம்பு எதுவும் இன்றி, ஏரியின் உயரம் தரும் அழுத்தத்தாலேயே 296 அடி வரை நீர் எழும்பியதாகப் பதிவு உள்ளது. பேரரசர் வரவில்லை. முதலாம் கோமகனும் அரசர் வில்லியத்தையும் அரசி மேரியையும் எதிர்பார்த்து மாளிகையில் அரசவை அறைகளைக் கட்டினார், அவர்களும் வரவில்லை. வராத விருந்தினருக்காகச் செலவழிப்பதில் இக்குடும்பத்தாரை விஞ்சியவர் அரியர் போலும். நீர் குறைவாக இருக்கும் நாள்களில் ஊற்று முழு உயரத்துக்கு எழாது. எனினும் காற்று வீசும் திசையில் நிற்பவர் நனைவது உறுதி.

இந்த நீரூற்றை வடிவமைத்த ஜோசப் பேக்ஸ்டன், 1826 மே 9 அன்று 22 வயதில் தலைமைத் தோட்டக்காரராக இங்கு வந்து சேர்ந்தவர். தம் நினைவுக் குறிப்பின்படி அவர் விடியற்காலை நான்கரை மணிக்கு வந்து, மதிலேறிக் குதித்து, தோட்டம் முழுவதையும் சுற்றிப்பார்த்து, ஆறு மணிக்கு ஆட்களை வேலையில் அமர்த்தி, காலையுணவின்போது மனைப்பொறுப்பாளரின் உறவுப்பெண் சாராவைக் கண்டு காதலும் கொண்டுவிட்டார். அப்போது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. அந்தச் சாராவே அவர் மனைவியானார். 277 அடி நீளமும் 123 அடி அகலமும் கொண்டு, குதிரைவண்டியே உள்ளே ஓடக்கூடியதாக அவர் எழுப்பிய பெருங்கண்ணாடி மாடம், அதாவது வெப்பநாட்டுச் செடிகளைக் குளிரிலிருந்து காத்து வளர்க்கும் கூடம், முதல் உலகப் போரின்போது நிலக்கரி இன்றிச் செடிகள் மடிந்துபோக, 1920இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அவ்விடத்தில் இன்று இருப்பது 1962இல் 1,209 யூ மரங்களை நட்டு அமைத்த புதிர்வழி. அமேசான் பேரல்லியை 1849இல் இங்கு மலரச் செய்த பேக்ஸ்டன், அதன் இலை ஒரு சிறுமியின் எடையைத் தாங்குவதையும் இலையின் அடிப்புறத்தில் நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதையும் கண்டு, அவ்வமைப்பை மனத்தில் கொண்டே 1851இன் உலகக் கண்காட்சிக்கான பளிங்கு மாளிகையை இலண்டனில் வடிவமைத்தார் என்பர்.

தமிழ் வாசகருக்கு இங்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. மொரிஷியஸ் வழியாக வந்த குட்டை வாழை ஒன்றை 1830ஆம் ஆண்டையொட்டி வாங்கிய பேக்ஸ்டன், அதை இங்கிருந்த கண்ணாடிக் கூடங்களில் வளர்த்து, 1835இல் பூக்கவைத்து, கோமகனின் குடும்பப் பெயரையே அதற்குச் சூட்டினார். இங்கிருந்து சென்ற கன்றுகளைக் கிறித்தவப் போதகர்கள் பசிபிக் தீவுகளுக்குக் கொண்டுசென்றனர். அதுவரை உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷல் வாழை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பனாமா வாடல் நோயால் அழிந்தபோது, அதன் இடத்தைப் பிடித்தது கேவெண்டிஷ் இனமே. தேனிப் பக்கம் ஏக்கர் ஏக்கராகப் பயிராகும் ஜி-9 வாழையும், நம் கடைகளில் தொங்கும் பச்சை வாழைப்பழமும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

மாளிகைக்கு இரண்டு மணி நேரம் போதும். ஜூலியஸ் சீசரின் வாழ்க்கையைச் சுவரிலும் கூரையிலும் ஓவியர் லகேர் தீட்டிய ஓவியக் கூடம், கதவில் மாட்டிய மெய்யான வயலின் என்றே கண்ணை நம்பவைக்கும் ஓவியம், சிற்பி கனோவாவின் பளிங்குச் சிலைகள் கொண்ட சிற்பக் கூடம் ஆகிய மூன்றையும் நின்று பார்த்துவிட்டு, மற்ற அறைகளை விரைந்து கடக்கலாம்.

பின்னேரத்தில் எஞ்சும் பொழுதை ஆற்றங்கரைக்குத் தருவது தகும். இயற்கையாகத் தோன்றும் இக்கரையும் மனிதர் வகுத்ததே. 1760களில் நான்காம் கோமகன் அழைத்துவந்த நில வடிவமைப்பாளர் ‘கேப்பபிலிட்டி’ பிரௌன், நேர்கோட்டுப் பாத்திகளையும் குளங்களையும் நீக்கி, ஆற்றின் போக்கையே திருத்தி, புல்வெளி ஆறுவரை தடையின்றி இறங்குமாறு செய்தார். கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் பெய்ன் மூன்று வளைவுகள் கொண்ட பாலத்தை அமைத்தார். காட்சிக்குக் குறுக்கே நின்ற எடென்சர் என்ற சிற்றூரை ஆறாம் கோமகன் 1838க்குப் பின் பெயர்த்து, மாளிகையிலிருந்து பார்த்தால் தெரியாத பள்ளத்தில் புதிதாகக் கட்டினார். அழகுக்காக ஓர் ஊரையே அப்புறப்படுத்திய அதே கோமகன், 1849இல் அருகிலுள்ள ரௌஸ்லி வரை இரயில் வந்து எளிய மக்கள் திரளாக வரத் தொடங்கியபோது, வருவோர் யாராயினும் அவர்களுக்காக நீரூற்றுகளைத் திறந்துவிட வேண்டும் என்று ஆணையிட்டிருந்ததையும் சேர்த்தே நினைக்க வேண்டியுள்ளது.

எடென்சரை உள்ளூரார் ‘என்சர்’ என்றே சொல்வதால், பேருந்து ஓட்டுநரிடம் கேட்கும்போது அப்படியே கேட்பது பயன்தரும். பாலத்தைக் கடந்து கால்மணி நேரம் நடந்தால் அவ்வூர்த் தேவாலயத்தை அடையலாம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியின் தங்கை கேத்லீன், பத்தாம் கோமகனின் மூத்த மகனை மணந்தவர் என்பதால் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1963 ஜூனில் கென்னடி அக்கல்லறைக்கு வந்து சென்றார். ஆறு, பாலம், மேய்ச்சல் வெளி, இவ்வூர் ஆகிய எதற்கும் சீட்டு தேவையில்லை. ஆகவே கையில் பணம் குறைவாக உள்ளவர் வாகன நிறுத்தக் கட்டணத்தையும் தவிர்த்து, வடக்கே பாஸ்லோ ஊரில் பேருந்திலிருந்து இறங்கி, ஆற்றோரமாக அரைமணி நேரத்துக்குச் சற்று மேல் நடந்துவந்தால், சாட்ஸ்வொர்த்தின் பாதியைச் செலவின்றியே பார்த்துவிடலாம்.