நான்கு தந்திகள், நான்கு குரல்கள்!

மின்சார டிரான்ஸ்பார்மர் அருகே நின்றிருக்கிறீர்களா? "ம்ம்ம்..." என்று ஓர் உறுமல் கேட்கும்.

நீலகிரியில் உள்ள குந்தா மக்களுக்கு இந்த ஓசை நன்றாகத் தெரியும். மலையிலிருந்து விழும் தண்ணீரைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் ஊர் அது. 1960-ம் ஆண்டில் அங்கே மின் நிலையங்கள் ஓடத் தொடங்கின.

டிரான்ஸ்பார்மரின் அந்த உறுமல் வினாடிக்கு 100 அதிர்வுகள் கொண்டது. ஏறக்குறைய இதே ஓசையைத் தரும் ஒரு தந்தி சங்கீதத்தில் உண்டு. பேஸ் கிதார் என்ற வாத்தியத்தில் இருக்கும் நான்கு தந்திகளில் ஒன்று அது. அதன் அதிர்வு 98.

நான்கில் அதுதான் மெல்லிய தந்தி! மற்ற மூன்றும் அதற்கும் கீழே போகின்றன. ஒன்று 73. இன்னொன்று 55. எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள தடித்த தந்தி, வினாடிக்கு 41 முறைதான் அதிர்கிறது.

இவ்வளவு தாழ்ந்த ஓசையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? உலகம் முழுவதும் ரசிகர்களைச் சேர்க்க முடியும் என்று சிலர் காட்டியிருக்கிறார்கள்.

அஸ்திவாரம்

வீட்டைப் பார்க்கிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். வாசலைப் பார்ப்பார்கள். அஸ்திவாரத்தை யார் பார்க்கிறார்கள்?

பாட்டிலும் அப்படித்தான். பாடகரின் குரல் காதில் விழுகிறது. புல்லாங்குழலும் வயலினும் கேட்கின்றன. அடியில் நின்று பாட்டைத் தாங்குகிற ஓசையை யாரும் கவனிப்பதில்லை. அது நின்றுவிட்டால் மட்டும், "ஏதோ குறைகிறதே!" என்று தோன்றும்.

இது நமக்குப் புதிய விஷயம் அல்ல. மிருதங்கத்தை எடுத்துக் கொள்ளுங்கள். வலந்தலை கணீர் என்று பேசும். தொப்பிப் பக்கம் 'கும்' என்று பதில் சொல்லும். அந்தக் 'கும்' இல்லாவிட்டால் மிருதங்கம் இல்லை.

குந்தா வட்டாரத்தில் கோத்தர்கள் வாழும் ஊர் ஒன்று உண்டு. கோத்தர்கள் வாத்தியம் வாசிப்பதில் பெயர் பெற்றவர்கள். அவர்களுடைய குழல் மேலே மேலே போகும். மேளங்கள் கீழே நின்று ஆட்டத்துக்கு அடி எடுத்துக் கொடுக்கும்.

மேல்நாட்டு சங்கீதத்தில் இந்த வேலையை முன்பு டபுள் பேஸ் செய்தது. ஆள் உயரத்தையும் தாண்டும் பெரிய வாத்தியம்! நின்றுகொண்டோ, உயரமான முக்காலியில் உட்கார்ந்தோ வாசிக்க வேண்டும். தூக்கிச் செல்வதோ பெரும் பாடு. 1951-ம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த லியோ பெண்டர், தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சார பேஸ் கிதாரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதன் பிறகு உலகமே மாறிவிட்டது.

எப்படி வேறுபடுகிறது?

ஒரே வாத்தியம். ஒரே நான்கு தந்திகள். ஆனால் நான்கு பேர் வாசித்தால் நான்கு விதமாகக் கேட்கிறது. ஏன்?

காரணங்கள் மூன்று.

முதலாவது, கை. விரலின் சதையால் மீட்டினால் ஓசை உருண்டையாக, மெத்தென்று வரும். 'பிக்' என்ற சிறு வில்லையால் தட்டினால் கூர்மையாக வரும்.

இரண்டாவது, கருவி. பழைய தந்தி மங்கலாக ஒலிக்கும். புதுத் தந்தி பளிச்சென்று ஒலிக்கும். மரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அதில் பங்கு உண்டு.

மூன்றாவது, மனம். "நான் அடியில் நின்று தாங்கினால் போதும்" என்று நினைக்கிறாரா? "நானும் ஒரு பாட்டுப் பாடுவேன்" என்று நினைக்கிறாரா? இதில்தான் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம்.

இந்த வித்தியாசத்தை நன்றாகக் கேட்க வேண்டுமானால், 'புரோகிரஸிவ் ராக்' என்ற இசைக்குப் போக வேண்டும். 1960-களின் கடைசியில் இங்கிலாந்தில் வளர்ந்த இசை இது. சாதாரண ராக் பாட்டு மூன்று, நான்கு நிமிடத்தில் முடியும். இவர்களுடைய பாட்டு 20 நிமிடம்கூட ஓடும். தாளமும் நடுவில் மாறும். நம்முடைய மிஸ்ர சாபு போல ஏழாக எண்ணுவார்கள். கண்ட சாபு போல ஐந்தாக எண்ணுவார்கள். இப்படிப்பட்ட பாட்டில் பேஸ் கிதார்காரர் தூங்க முடியாது!

கடைப் பையன் கண்ட குரல்

கிறிஸ் ஸ்குயர் 1948-ம் ஆண்டில் லண்டனில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது மாதா கோவிலில் பாடியவர். பிறகு ஓர் இசைக் கருவிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடை ஊழியர்களுக்குத் தள்ளுபடி விலை உண்டு. அந்தச் சலுகையில் 'ரிக்கன்பேக்கர்' என்ற பேஸ் கிதாரை வாங்கினார். வாழ்நாள் முழுவதும் அதைக் கைவிடவில்லை.

1968-ல் அவரும் நண்பர்களும் 'எஸ்' என்ற குழுவைத் தொடங்கினார்கள்.

ஸ்குயர் வில்லையால் வாசிப்பார். ஓசை கம்பி முறுக்கியது போல் விறைப்பாக இருக்கும். அவர் ஒரு தந்திரமும் செய்தார். கிதாரின் ஓசையை இரண்டாகப் பிரித்தார். ஆழமான பகுதியை ஓர் ஒலிபெருக்கிக்கும், கூர்மையான பகுதியை இன்னொன்றுக்கும் அனுப்பினார். ஆகவே அஸ்திவாரமும் இருந்தது. அதன் மேல் இன்னொரு பாட்டும் கேட்டது. 1971-ல் வந்த 'ரவுண்டபவுட்' என்ற பாட்டில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். அங்கே பேஸ் கிதார் பின்னால் நிற்கவில்லை. முன்னால் வந்து நடக்கிறது.

ஸ்குயர் 2015-ல் காலமானார். அதுவரை வெளிவந்த 'எஸ்' குழுவின் எல்லா இசைத் தட்டுகளிலும் வாசித்த ஒரே ஆள் அவர்தான்.

கை, கால், வாய்!

குந்தா மின் திட்டத்துக்கு உதவி செய்த நாடு எது தெரியுமா? கனடா! கொழும்புத் திட்டத்தின் கீழ் அந்த உதவி வந்தது. அதே கனடாவைச் சேர்ந்தவர்தான் அடுத்த வித்வான், கெடி லீ.

அவருடைய தாய் தந்தையர் போலந்து நாட்டு யூதர்கள். நாஜிகளின் வதை முகாம்களில் இருந்து உயிர் பிழைத்துக் கனடாவுக்கு வந்தவர்கள். மகனுக்கு 'கேரி' என்று பெயர் வைத்தார்கள். தாயார் தம் ஊர் உச்சரிப்பில் கூப்பிட்டபோது, அது 'கெடி' என்று கேட்டது. அதுவே உலகம் அறிந்த பெயராகிவிட்டது!

'ரஷ்' என்ற அவருடைய குழுவில் மூன்றே பேர். ஆகவே வேலை அதிகம். கெடி லீ கையால் பேஸ் வாசிப்பார். வாயால் பாடுவார். காலால் மிதி கட்டைகளை அழுத்தி வேறு ஓசைகளை எழுப்புவார். மூன்றும் ஒரே நேரத்தில்!

அவர் வில்லையைப் பிடிப்பதில்லை. விரலாலும் நகத்தாலும் மீட்டுவார். ஓசையில் ஓர் உறுமல் இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கும். அவர் மிகவும் விரும்பி வாசித்த கிதார்களில் ஒன்று, அமெரிக்காவில் ஓர் அடகுக் கடையில் 200 டாலருக்கு வாங்கியது.

1981-ல் இந்தக் குழு வெளியிட்ட ஒரு வாத்திய இசை விசித்திரமானது. டொரண்டோ விமான நிலையத்தின் அடையாள எழுத்துக்கள் 'ஒய், ஒய், இசட்'. முன்பு தந்தி ஆபீசில் 'கட், கடா' என்று தட்டுவார்களே, அந்த முறையில் இந்த எழுத்துக்களைத் தட்டினால் என்ன தாளம் வருமோ, அதுவே இந்த இசையின் தொடக்கம். எண்ணிப் பார்த்தால் ஐந்தைந்தாக வரும்!

பறக்கும் சுவர்

மூன்றாமவர், இங்கிலாந்துக்காரரான ஜான் வெட்டன். 1972 முதல் 1974 வரை 'கிங் கிரிம்சன்' என்ற குழுவில் வாசித்தார், பாடவும் செய்தார்.

இவருடைய குரல் முரட்டுக் குரல். ஓசை கரகரவென்று உடைந்து வரும். லாரி மலை ஏறுவது போல் இருக்கும். வெட்டனும் டிரம்ஸ்காரரும் சேர்ந்து வாசிப்பதை, 'பறக்கும் செங்கல் சுவர்' என்று குழுவின் தலைவர் ராபர்ட் பிரிப் வர்ணித்தார். 1974-ல் வந்த 'ரெட்' என்ற இசைத் தட்டைக் கேட்டால், அது பொருத்தமான வர்ணனை என்று புரியும்.

விரலில் குச்சி

நான்காமவர் அமெரிக்காவைச் சேர்ந்த டோனி லெவின். மற்ற மூவரும் ஓசையைக் கூட்டியவர்கள். இவர் குறைத்துப் பெயர் வாங்கியவர். தேவையான இடத்தில் ஒரு சுரம், பிறகு மௌனம். அந்த மௌனமே தாளம் போடும்.

1986-ல் வெளிவந்த ஒரு பாட்டுக்காக டிரம்ஸ் குச்சியால் கிதார் தந்திகளைத் தட்டினார்கள். அந்த ஓசை லெவினுக்குப் பிடித்துவிட்டது. பிறகு குச்சியின் துண்டுகளை விரல்களிலேயே மாட்டிக்கொண்டு வாசித்தார்!

இன்னொரு வகையும் உண்டு. வீணையில் மெட்டுகள் இருக்கின்றன. கோட்டு வாத்தியத்தில் இல்லை. அதுபோல மெட்டு இல்லாத பேஸ் கிதாரும் இருக்கிறது. வேல்ஸ் நாட்டவரான பெர்சி ஜோன்ஸ் அதில் வல்லவர். சுரத்துக்குச் சுரம் தாவாமல் வழுக்கிக்கொண்டே போவார். நம் கமகத்துக்குப் பழகிய காதுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

நம்முடைய பாட்டில்

தமிழ்நாட்டில் புரோகிரஸிவ் ராக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் பாடுகிற பேஸ் கிதாரைக் கேட்காதவர்களே இல்லை. 1976-ல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் வந்த இளையராஜாதான் அதற்குக் காரணம்.

1987-ல் வெளிவந்த படம் 'ரெட்டைவால் குருவி'. அதில் 'ராஜ ராஜ சோழன் நான்' என்ற பாட்டைப் போட்டுக் கேளுங்கள். மேலே யேசுதாஸ் பாடுகிறார். கீழே பேஸ் கிதார் தனியாக இன்னொரு பாட்டைப் பாடிக்கொண்டே போகிறது. இரண்டும் மோதுவதில்லை. கைகோத்து நடக்கின்றன.

ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்குயரும் கெடி லீயும் தாங்கள் வாசிப்பதைத் தாங்களே அமைத்துக் கொண்டவர்கள். இளையராஜாவோ ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தாமே சுரம் எழுதிக் கொடுப்பவர். கடிதத்தின் வாசகம் அவருடையது. ஆனால் கையெழுத்து, வாசிக்கிறவருடையது! எந்த விரலால் அழுத்துவது, எவ்வளவு நேரம் ஒலிக்க விடுவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அந்தக் கைக்குத்தான் தெரியும்.

இளையராஜா குழுவில் பல ஆண்டுகள் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ.ஆர்.ரகுமானின் பாடல்களில் பல ஆண்டுகள் வாசித்தவர் கீத் பீட்டர்ஸ். ரகுமானின் மேடையில் வேகமான விரல்களால் பெயர் வாங்கியவர், மும்பைப் பெண்ணான மோகினி டே.

பாட்டை லட்சக்கணக்கான பேர் முணுமுணுக்கிறார்கள். இந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? படத்தின் தொடக்கத்தில் இசையமைப்பாளர் பெயர் வரும். பாடகர் பெயர் வரும். பேஸ் வாசித்தவரின் பெயர் பெரும்பாலும் வராது.

கேட்பது எப்படி?

இப்போது இன்னொரு ஆபத்தும் வந்திருக்கிறது. பாட்டு கைபேசிக்குள் போய்விட்டது. கைபேசியின் ஒலிபெருக்கி மிகவும் சிறியது. வினாடிக்கு 41 அதிர்வு கொண்ட ஓசையை அதனால் எழுப்பவே முடியாது. அஸ்திவாரத்தை விட்டுவிட்டு, மேல்மாடியை மட்டும் காட்டுகிறது!

வழி இருக்கிறது. காதில் மாட்டும் கருவியை வைத்தோ, பெரிய ஒலிபெருக்கியிலோ, தெரிந்த பாட்டு ஒன்றைப் போடுங்கள். முதல் முறை பாடகரைக் கேளுங்கள். இரண்டாம் முறை அவரை விட்டுவிட்டு, அடியில் நகரும் ஓசையை மட்டும் பின்தொடருங்கள். முதலில் நழுவிப் போகும். நான்கைந்து முறை கேட்டால் பிடிபட்டுவிடும்.

பிறகு குழந்தைகளைக் கேளுங்கள்: "இது விரலா, வில்லையா? தாங்குகிறதா, பாடுகிறதா?" அவர்கள் உங்களைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதன் பிறகு எந்தப் பாட்டைக் கேட்டாலும் காது தானாகவே அடியைத் தேடும். பெயர் போடாமல் விடப்பட்ட ஒரு மனிதரின் கை அங்கே இருக்கும்.