விலை இறங்கிய வீடும் இறங்காத கடனும்

அடகு வைத்த நகையை மீட்க இயலாது போனால் 'நகை மூழ்கிவிட்டது' என்பது களமருதூர், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கங்களில் வழக்கமான பேச்சு. பொருள் போயிற்று, அதனோடு கணக்கும் தீர்ந்தது என்பது அதன் உட்கருத்து. இதே எண்ணத்தை வீட்டுக் கடனுக்கும் நீட்டி, "வீட்டின் விலை கடன் பாக்கிக்குக் கீழே போய்விட்டது, நிலைவட்டிக் கெடுவும் முடியப்போகிறது, சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாமா?" என்று பிரிட்டனில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். அங்கு வாழும் தமிழ் முஸ்லிம்களுள் வேறு சிலருக்கும் இவ்வினா பயன்படக்கூடும் என்பதால் இதனை இங்கு விரிவாக எழுதுகிறோம்.

பிரிட்டனில் வீட்டுக் கடனின் வட்டி பெரும்பாலும் முதல் இரண்டு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கே நிலையாக இருக்கும். அக்கெடு கழிந்தால் கடன் நிறுவனம் தானே வகுத்துக்கொள்ளும் மாறும் வட்டி தொடங்கிவிடும். அது பொதுவாக உயர்வானது. இங்கிலாந்து வங்கியின் ஆதார வட்டி 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 விழுக்காடாக இருந்து 2023 ஆகஸ்டில் 5.25 விழுக்காட்டை எட்டியது. இன்னொரு புறம், 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் அடுக்ககத்தில் 72 உயிர்களைக் குடித்த தீக்குப் பின், எளிதில் தீப்பற்றும் புறப்பூச்சுப் பலகைகள் பதித்த கட்டடங்களிலுள்ள வீடுகளை வாங்குவாரும் இல்லை, அவற்றின்மேல் கடன் தருவாரும் இல்லை என்றாயிற்று. சிலவற்றின் மதிப்பைச் சுழியம் என்றே மதிப்பீட்டாளர்கள் எழுதினர்.

கணக்கொன்றைப் பார்ப்போம். 2,10,000 பவுன் விலையுள்ள வீட்டிற்கு ஒருவர் 2,00,000 பவுன் கடனை 2 விழுக்காட்டில் 25 ஆண்டுகளுக்குப் பெறுகிறார். மாதத் தவணை ஏறத்தாழ 848 பவுன். ஐந்தாண்டு கழித்துப் பாக்கி 1,67,500 பவுன் அளவில் நிற்கும். அப்போது வீடு 1,50,000 பவுனுக்கே விலைபோகும் என்றால் குறை 17,500 பவுன். இதனையே 'நெகட்டிவ் ஈக்விட்டி' என்கின்றனர். புதிய வட்டி 5.5 விழுக்காடானால் தவணை 1,150 பவுனைத் தாண்டும். இவ்விரண்டில் அன்றாடம் வீட்டாரை வருத்துவது தவணையேயன்றி விலையன்று. விற்காதவரை விலைக்குறை ஏட்டளவில்தான் இருக்கும்.

எனவே முதற்கண் செய்யத்தக்கது தவணையைச் சீர்செய்தலே. வேறு நிறுவனத்திற்குக் கடனை மாற்றும் வழி அநேகமாக அடைபட்டிருக்கும். மதிப்பைவிடக் கூடுதலாகக் கடன் தர எவரும் முன்வருவதில்லை. ஆயினும் இருக்கும் நிறுவனத்திடமே புதிய நிலைவட்டித் திட்டத்திற்கு மாறலாம். 2023 ஜூனில் அரசும் பெரும்பாலான கடன் நிறுவனங்களும் உடன்பட்ட 'மார்ட்கேஜ் சார்ட்டர்' இங்குப் பெரிதும் உதவும். தவணை நிலுவையில்லாதவர் வருமானச் சோதனை மீண்டுமின்றியே கெடு முடிவில் மாறலாம். புதிய வட்டியை ஆறு மாதம் முன்னரே உறுதிசெய்துகொள்ளலாம். ஆறு மாதத்திற்கு வட்டி மட்டும் செலுத்தலாம், அல்லது கடன்காலத்தை நீட்டலாம். முதல் தவணை தவறிய நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் வீட்டைப் பறிமுதல் செய்யலாகாது. (நெருக்கடியிலுள்ள கடனாளிக்கு அவகாசம் தருமாறு அல்பகராவின் 280ஆம் வசனம் பணிப்பதை அறிந்தோருக்கு இது புதுமையாகத் தோன்றாது.) காலத்தை நீட்டினால் மொத்த வட்டி பெருகும் என்பதை மறக்கலாகாது. கையில் உபரி இருப்பவர், பல ஒப்பந்தங்கள் அபராதமின்றி அனுமதிக்கும் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு அளவில் அசலைக் குறைத்துவந்தால், குறையும் கரையும். நிறுவனத்தின் சம்மதத்துடன் வீட்டை வாடகைக்கு விட்டு வேறிடம் செல்வதும் சிலருக்கு ஏற்றது.

சாவியைக் கொடுத்துவிடுதல் இவை எல்லாவற்றினும் கேடானது. நிறுவனம் வீட்டை விற்று, குறையும் தொகையைக் கடனாளியிடமே கேட்கும். இங்கிலாந்தில் அசலைக் கோர 12 ஆண்டு அவகாசம் சட்டத்தில் உண்டு. கலிஃபோர்னியா போன்ற சில அமெரிக்க மாநிலங்களில் வீடு வாங்கப் பெற்ற கடன் வீட்டோடு முடிந்துவிடும். 2007க்குப் பின் அங்கு மக்கள் சாவியை விட்டுச் சென்ற செய்திகளே இத்தவறான எண்ணத்தைப் பரப்பியிருக்க வேண்டும். நம் நாட்டிலும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் 60 நாள் அறிவிப்புக்குப் பின் வீட்டைக் கைக்கொள்ள வழிசெய்வதோடு, விற்றும் தீராத பாக்கியைத் தீர்ப்பாயத்தில் கோரவும் இடமளிக்கிறது. 2009 பிப்ரவரியில் பாரத ஸ்டேட் வங்கி முதலாண்டுக்கு 8 விழுக்காடு என்று கடன் வழங்கியபோதும் கெடுவுக்குப் பின் தவணை ஏறியதைப் பலர் உணர்ந்தனர். ஆனால் ரிசர்வ் வங்கியின் ரெப்போ 4.75 விழுக்காட்டிலிருந்து 2011 அக்டோபரில் 8.5 ஆனது.

ஃபிக்ஹ் நூல்கள் இதில் என்ன கூறுகின்றன? உள்நாட்டு ஊர்களில் பெரிதும் வழங்கும் ஹனஃபி மத்ஹபின்படி, அடமானப் பொருள் கடன் கொடுத்தவர் கையில் இருக்கையில் அழிந்தால் அதன் மதிப்பளவுக்குக் கடனும் விழும். நம் கடற்கரையோரத்தார் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபிலோ அது அமானிதம். அவர் தவறிழைக்காதவரை கடன் முழுதும் நிற்கும். இந்த இருவகைத் தீர்ப்பும் பொருள் அழிதலைப் பற்றியவை. விலை இறக்கம் வேறு. ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானி தம் ஹிதாயாவில், விலை குறைந்ததனால் கடன் விழாது என்பதே மத்ஹபின் நிலை என்றும், இமாம் ஸுஃபர் மட்டும் மாறுபட்டார் என்றும் காட்டுகிறார். விலை என்பது மக்களின் நாட்டம் தளர்வதால் இறங்குவது; பொருளோ குறையின்றி அப்படியே உள்ளது என்பது அவர் தரும் காரணத்தின் சாரம். புறப்பூச்சுப் பலகையால் விலை இழந்த வீட்டில் குறை பொருளிலேயே உள்ளது என ஒருவர் வாதிடலாம். ஆனால் அவ்வீடு வங்கியின் கைவசத்தில் இல்லை, கடனாளியே குடியிருக்கிறார். ஆகவே அவ்வாதமும் நிற்காது. அசல் பொறுப்பைப் பற்றியே இங்கு பேசுகிறோம். வட்டியின் ஹராம் தனி. ஐரோப்பிய ஃபத்வா ஆய்வு மன்றம் 1999இல் மாற்று வழியற்றோருக்குத் தேவை கருதித் தந்த சலுகையை ஏற்காத உலமாக்கள் பலர்.

மாற்று என்று சொல்லப்படும் 'குறைந்துசெல்லும் முஷாரகா' முறையில் வங்கியும் வாங்குபவரும் வீட்டின் பங்காளிகள். வாங்குபவர் வங்கியின் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கி, மீதிக்கு வாடகை தருகிறார். 2003ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இரட்டை முத்திரைத் தீர்வையை நீக்கியபின் பிரிட்டனில் இது பரவியது. இதிலும் வாடகைக் கெடு முடிந்து புதிய வாடகை வரும் நாள் உண்டு. பங்காளி எனில் விலை இறக்கத்திலும் பங்கு ஏற்கவேண்டுமல்லவா? நடைமுறையில் வங்கி தன் பங்கைத் தொடக்க விலைக்கே வாங்கிக்கொள்ளும் உறுதிமொழியைப் பெற்றுவிடுகிறது. நட்டம் முழுதும் குடியிருப்பவர் தலையில் விழுகிறது. அயோஃபியின் 12ஆம் ஷரீஆ தரநிலை, ஒரு பங்காளி மற்றவரின் பங்கை முதல் விலைக்கே வாங்க நிபந்தனையிடுவது அவர் முதலுக்கு உத்தரவாதமளிப்பதாகும் எனத் தடுக்கிறது. அது தொழிற்கூட்டுக்கான விதி, இது உடைமைக்கூட்டு என்று வங்கிகளின் அறிஞர்கள் பிரித்துரைக்கின்றனர். நூல்வழி இப்பிரிவுக்கு இடமுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் பங்காளி என்ற பெயரை வைத்துக்கொண்டு கடன்கொடுத்தவனின் பாதுகாப்பையும் பெறுவது நமக்கு உவப்பாக இல்லை. கையொப்பமிடுமுன், எஞ்சிய பங்கை எவ்விலைக்கு வாங்க வேண்டும் என்ற விதி எங்குள்ளது என்று கேட்டு, அதை எழுத்தில் பெறுதல் வேண்டும். முன்னரே கையொப்பமிட்டவர், வாடகைக் கெடு முடிய ஆறு மாதம் இருக்கையிலேயே அவ்வங்கிக்கு எழுதத் தொடங்கலாம்.