எங்க எஸ்டேட் டீம்

மூணாறு, தேவிகுளம் பக்கத்து ஆட்களிடம் எந்த ஊர் என்று கேட்டால் எஸ்டேட் பெயர்தான் முதலில் வரும். "நான் செண்டுவாரை", "நாங்க குண்டளை", "அவன் லெட்சுமி எஸ்டேட்டு" என்போம். கயத்தாறு, சங்கரன்கோவில் என்று தாத்தா மலையேறி வந்த ஊரின் பெயர், கேட்பவர் விடாமல் கேட்டால்தான் வரும். அங்கே எங்களுக்கு வீடும் இல்லை, நிலமும் இல்லை. இங்கே கம்பெனி கொடுத்திருக்கிற லயத்து வீடும் வேலை இருக்கும்வரைதான். அம்மா ரிட்டயர் ஆகும்போது வீட்டில் இன்னொருவர் கம்பெனி வேலையில் இல்லாவிட்டால் சாமானைக் கட்ட வேண்டும். அப்படி வாழ்கிற எங்களுக்கு, இது எங்களுடையது என்று உரக்கச் சொல்லிக்கொள்ள ஒரு கால்பந்து அணி உண்டு. ஒவ்வோர் எஸ்டேட்டுக்கும் ஒன்று.

நான் குண்டளைப் பக்கத்து லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா பேக்டரியில் இருந்தார், அண்ணன் எஸ்டேட் டீமில் லெப்ட் பேக். இப்போது தேவிகுளத்தில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிபார்ம்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் பின்லே ஷீல்டு நெருங்குகிற நாட்களில் டீம் துணி வந்தால் மற்றதையெல்லாம் ஓரமாக வைத்துவிடுவேன். கல்யாண ஜாக்கெட் கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள்தான். அவர்கள் வீட்டுப் பிள்ளையும் ஏதோ ஒரு டீமில் இருப்பதால் அந்தக் கோபம் ரொம்ப நேரம் நிற்காது.

பின்லே ஷீல்டு என்றால் என்னவென்று சமவெளியில் இருப்பவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை போட்ட ஜேம்ஸ் பின்லே கம்பெனியின் காலத்தில், 1941இல் தொடங்கிய எஸ்டேட்டுகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டி அது. துரைமார்களுக்கு மூணாறில் ஹைரேஞ்ச் கிளப் இருந்தது. தொழிலாளிக்கு லயத்து வாசல்தான் இருந்தது. அந்த நிலையில் வந்த போட்டி இது. பூட்ஸ் வாங்க வழியில்லாமல் வெறுங்காலோடு ஓடி ஜெயித்தவர்களைப் பற்றிப் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். பின்லே போய் டாடா வந்தது. 2005இல் தோட்டங்களை நடத்தும் பொறுப்பு கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் என்ற புதுக் கம்பெனிக்கு மாறியபோது தொழிலாளர்களே அதில் பங்குதாரர் ஆனார்கள். இத்தனை மாறியும் ஷீல்டின் பெயரை யாரும் மாற்றவில்லை. பழைய மூணாறில் கம்பெனி கிரவுண்டில் அது இன்றும் நடக்கிறது.

உலகத்தில் பெரிய பெயர் எடுத்த பல அணிகளும் இப்படித் தொழிற்சாலை வாசலில் பிறந்தவைதான். இங்கிலாந்தின் ஆர்சனல் ஆயுதத் தொழிற்சாலைக்காரர்கள் 1886இல் சேர்த்த டீம். மான்செஸ்டர் யுனைடெட் 1878இல் ரயில்வே தொழிலாளிகள் தொடங்கியது. எனக்கு இவற்றைவிட மனதில் நிற்பது ஓர் அமெரிக்க பாஸ்கெட்பால் அணியின் கதை. இண்டியானா மாநிலத்தில் ஃபோர்ட் வேய்ன் என்ற ஊர். அங்கே ஃபிரெட் சோல்னர் என்பவரின் தொழிற்சாலை எஞ்சினுக்கான பிஸ்டன் செய்தது. அதன் ஊழியர் அணி 1941இல், ஆமாம், எங்கள் ஷீல்டு தொடங்கிய அதே வருஷம், தேசிய பாஸ்கெட்பால் லீக்கில் இறங்கியது. ஆரம்ப நாட்களில் ஆட்டக்காரர்கள் அதே தொழிற்சாலையில் வேலையும் பார்த்தார்கள். 1944, 1945 இரண்டு வருஷமும் அவர்கள்தான் சாம்பியன். அதன் பிறகு ஆட்டம் பெரிய தொழிலாக வளர்ந்தது. சின்ன ஊரில் கட்டுப்படியாகவில்லை என்று 1957இல் சோல்னர் அணியை டெட்ராய்ட் நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார். இன்றைக்கும் அது டெட்ராய்ட் பிஸ்டன்ஸ்தான். பெயரில் பிஸ்டன் இருக்கிறது, அதைச் செய்த ஊர் இல்லை.

அணி போன மறுநாள் காலையில் ஃபோர்ட் வேய்ன்காரர்கள் எதைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. எங்கள் அணிகளை அப்படி யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. விற்பதற்கு அதில் ஒன்றும் கிடையாது. கோல்கீப்பர் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க மஸ்டரில் நிற்பார், சென்டர் பார்வேர்டு கவாத்துக் கத்தியோடு மலையேறுவார். நம் நாட்டில் கிரிக்கெட் தவிர்த்த விளையாட்டுகளில் பிழைப்பு என்பது ரொம்ப காலமாக வேலை வழியாகத்தான் வந்திருக்கிறது. பாஸ்கெட்பாலிலேயே பாருங்கள், சென்னையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே, கேரளத்தில் மின்சார வாரியம் என்று ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுத்து அணியைத் தாங்கியவை நிறுவனங்கள். எஸ்டேட்டில் தாங்குகிற வேலையில் பாதி லயத்து வீடுகளின் தலையில் விழும்.

அதைத்தான் சொல்ல வந்தேன். டீமுக்கு ஆதரவு என்றால் விசிலும் மேளமும் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். மேளம் ஒரு நாள் கூத்து. அதற்கு முந்தைய மாதங்களில் நடப்பதைப் பாருங்கள். சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் லயத்துக்குத் திரும்பும் நேரத்தில்தான் பையன்கள் பிராக்டிஸுக்கு இறங்குவார்கள். எங்கள் டிவிஷன் கிரவுண்டு சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு. ஒரு பக்கம் மண்திட்டு, மறு பக்கம் தேயிலை. பந்து அந்தப் பக்கம் போனால் செடிக்கு அடியில் உருண்டு வடிகால் கானுக்குள் விழுந்துவிடும். இருட்டுவதற்குள் தேடி எடுக்க வேண்டும், கால் முழுக்க அட்டை ஏறியிருக்கும். எந்த வரிசையில் எந்தச் செடிக்குக் கீழே பந்து நிற்கும் என்று சின்னப் பையன்களுக்கு மனப்பாடம். அதைத் தேடி எடுத்துக் கொடுப்பதுதான் டீமில் சேர்வதற்கு முதல் படி.

அண்ணன் ஆடிய காலத்தில் சம்பள நாளன்று வீட்டுக்கு வீடு வசூல் வருவார்கள். மளிகைக் கடைப் பற்று, சீட்டுப் பணம் எல்லாம் போக மிஞ்சியதில் எங்கள் அம்மா டீமுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மீதியை முடிந்துவைப்பார். பூட்ஸ் எல்லோருக்கும் இருக்காது. அளவு ஒத்துப்போனால் வெளியே வருகிறவன் கழற்றிக் கொடுப்பான், உள்ளே போகிறவன் அந்த ஈரத்தோடேயே மாட்டிக்கொள்வான். ஒருமுறை அண்ணன் முழங்கால் பிசகி வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. அந்த நாட்களில் பக்கத்து வீட்டு அத்தையும் எதிர் லயத்துச் சித்தியும் முறை வைத்து எங்கள் வீட்டுக்கு அரிசி கொண்டுவந்தார்கள். கணக்கு எழுதவில்லை, திருப்பிக் கேட்கவும் இல்லை. அடுத்த வருஷம் அண்ணன் திரும்ப இறங்கியபோது கிரவுண்டு ஓரத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது அந்த அத்தைதான்.

இப்போது என் தொழில் பக்கம் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். முன்பு டீம் பனியனுக்கு நம்பர் துணியில் வெட்டித் தைப்போம். வெள்ளைக் காடாவைக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி, அட்டை வைத்து வரைந்து, வெட்டி, முதுகில் வைத்துக் கோணல் தையல் போட வேண்டும். ஒன்றாம் நம்பரும் ஏழாம் நம்பரும் சுலபம். எட்டு கழுத்தை நெரிக்கும், உள்ளே இரண்டு வட்டமும் பிசிறில்லாமல் வர வேண்டும். கோல்கீப்பருக்கு மட்டும் தனியாகத் தைப்பேன். பழைய கம்பளியை நாலாக மடித்து முழங்கைக்கும் இடுப்புக்கும் உள்பக்கம் வைத்துத் தைத்தால், விழுந்தாலும் கல் குத்தாது. அந்தக் கம்பளிகள் யாரோ ஓர் அக்கா மழையில் போர்த்திக் கொழுந்து பறித்தவை. இப்போது திருப்பூரில் இருந்து நம்பரும் பெயரும் அச்சடித்தே வந்துவிடுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அளவு குறைக்கவும் கிழிந்ததை ஒட்டவும் என்னிடம்தான் வருகிறார்கள். "அக்கா, மேட்ச் மூணு மணிக்கு" என்று பன்னிரண்டு மணிக்கு வந்து நிற்பார்கள்.

ஆட்டத்தன்று நீங்கள் பார்க்க வேண்டும். எஸ்டேட்டில் இருந்து ஜீப்பிலும் லாரியிலும் ஆட்கள் இறங்குவார்கள். பெண்கள் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு கும்பலாக உட்கார்ந்து, எதிர் டீமில் ஆடுகிற தங்கள் சொந்த மருமகனையே திட்டுவார்கள். ஓர் எஸ்டேட்டில் பெண் கொடுத்து இன்னோர் எஸ்டேட்டில் பெண் எடுத்த ஊர் இது, எல்லா மேட்சும் சம்பந்திகள் மேட்ச்தான். தமிழ், மலையாளம் இரண்டிலும் வசவு பறக்கும். திடீரென்று மஞ்சு இறங்கிவிடும். அந்தப் பக்க கோல் போஸ்ட் கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் கோலா இல்லையா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அன்றைக்கு முறைத்துக்கொண்டவர்கள் மற்ற நாட்களில் ஒருவருக்கு ஒருவர் என்ன செய்வார்கள் என்பதை 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவுக்குப் பிறகு கண்ணால் பார்த்தோம். நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி டிவிஷனில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. எழுபது உயிர். அதில் நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. போன் வேலை செய்யவில்லை, பெரியவாரைப் பாலத்தில் வழி கெட்டிருந்தது. வெளியில் இருந்து மீட்புப் படை வந்து சேர்வதற்கு முன்னால் அங்கே மண்ணைத் தோண்டியது பக்கத்து டிவிஷன்களில் இருந்து ஓடிய ஆட்கள். இறந்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. சரிந்த இடம் அவர்களுடைய சொந்த நிலமாக இருந்ததில்லை. பிழைத்தவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குப் பிறகு குட்டியார்வேலியில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். எழுபது பேர் போன பிறகுதான் எஸ்டேட்காரனுக்குச் சொந்த வீடு என்ற பேச்சு காதில் ஏறியது. அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்றைக்கு டீம்களுக்கு உள்ள பெரிய கஷ்டம் ஆள்தான். படித்த பிள்ளைகள் எர்ணாகுளம், கோயம்புத்தூர், திருப்பூர் என்று போய்விடுகிறார்கள். போகட்டும், போகத்தான் வேண்டும். அம்மாவின் கூடையையே மகளும் தூக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 2015இல் போனஸ் கேட்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்த பெண்கள் தங்கள் பிள்ளைகளை நினைத்துத்தான் உட்கார்ந்தார்கள். போன பிள்ளைகள் திருவிழாவுக்கு வருவதுபோல ஷீல்டுக்கும் லீவு போட்டு வருகிறார்கள், ராத்திரி பஸ் பிடித்து வந்து மறுநாள் கிரவுண்டில் நிற்கிறார்கள். காலியான லயங்களில் ஜார்கண்டில் இருந்தும் அசாமில் இருந்தும் வந்த குடும்பங்கள் குடியிருக்கின்றன. அந்தப் பிள்ளைகளும் சாயங்காலம் தேயிலைக்குள் பந்து தேடுகிறார்கள். எங்கள் தாத்தா பாட்டி எதற்காக மலையேறினார்களோ அதற்காகத்தான் அவர்களும் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் பனியன் தைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. "வெளியாள் எதுக்கு?" என்று என் கடையில் உட்கார்ந்து கேட்டவருக்கு, அவருடைய தாத்தா எந்த ஊர் என்றுதான் பதிலுக்குக் கேட்டேன்.

இன்னொன்று மனதில் கிடக்கிறது. அமெரிக்காவில் கிரீன் பே என்ற சின்ன ஊரின் கால்பந்து அணி, அவர்கள் ஆடுகிற கால்பந்து வேறு, 1919இல் ஒரு கம்பெனி சட்டைக்குக் கொடுத்த பணத்தில் தொடங்கியது. பணமுடை வந்தபோது 1923இல் பங்கு விற்றார்கள். லாபம் எதுவும் கிடைக்காது என்று தெரிந்தே ஊர்க்காரர்கள் வாங்கினார்கள். இன்றைக்கு அதற்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். அணி அதே ஊரில்தான் இருக்கிறது. கம்பெனிப் பங்குப் பத்திரத்தை டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிற எங்கள் அம்மாமாருக்கு இந்த யோசனை புரியாமல் போகாது. எஸ்டேட்டுக்கு ஒரு நிதி வேண்டும். வெளியூரில் நல்ல நிலையில் இருக்கும் பிள்ளைகள் மாதம் சிறு தொகை போட்டால் போதும். பந்தும் பூட்ஸும் வாங்கியது போக, காலை ஒடித்துக்கொண்டு கிடக்கிற பையனின் வீட்டுக்கு அவன் நடக்கும்வரை அதில் இருந்து கூலி போக வேண்டும். பெண் பிள்ளைகளும் பந்து ஆடக் கேட்கிறார்கள், அவர்களுக்கும் அதில் இருந்தே வாங்கிக் கொடுக்கலாம். அண்ணனிடம் இதைச் சொன்னேன். "கணக்கை நீயே வச்சுக்க, ஆம்பளைங்க கையில குடுத்தா மேளத்துக்குப் போயிரும்" என்றார். நோட்டு வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறது.

நீங்கள் மூணாறு வரும்போது ஷீல்டு நடந்துகொண்டிருந்தால், மாட்டுப்பட்டி அணைக்கும் ராஜமலைக்கும் போகிற வழியில் பழைய மூணாறில் ஒரு மதியம் இறங்குங்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுடைய எஸ்டேட்டுக்குக் கை தட்டுங்கள். ஆட்டம் முடிந்து எந்த டீம், எந்த டிவிஷன் என்று கேட்டீர்கள் என்றால், வீட்டுக்கு வந்து டீ குடிக்காமல் உங்களை விடமாட்டார்கள்.