பிரெஞ்சு வினைகளும் செயவென் எச்சமும்

ஜொகூர் மாநிலத்துத் தெப்ராவில் வாழும் தமிழ்ச் சிறுவன், வீட்டில் தமிழும் வெளியே மலாயும் ஆங்கிலமும் கேட்டு வளர்கிறான். நீந்துவது பற்றிக் கூற ஆங்கிலத்தில் 'கேன்' என்னும் ஒரு துணைவினையே அவனுக்குப் போதும். அப்பழக்கம் முற்றினால், தமிழிலும் 'என்னால் நீந்த முடியும்' என்பதையே எல்லா இடத்தும் வழங்குவான். 'எனக்கு நீந்தத் தெரியும்' என்னும் தொடர் நழுவிவிடும்.

இவ்விரண்டும் ஒன்றல்ல. தெரிதல் பயின்று பெற்ற அறிவு. முடிதல் அப்பொழுதுள்ள ஆற்றல். கால் முறிந்து கிடப்பவனுக்கும் நீந்தத் தெரியும். ஆனால் அவனால் நீந்த முடியாது.

இவ்வேறுபாட்டைப் பிரெஞ்சு மொழியும் நம்மைப் போலவே போற்றுகிறது. அங்கே 'சவ்வார்' என்பது அறிதல். 'புவ்வார்' என்பது இயலுதல். 'நாஜே' என்பது நீந்துதலைக் குறிக்கும் அகராதி வடிவம். 'இல் சே நாஜே' என்றால் அவனுக்கு நீந்தத் தெரியும். 'இல் பெ நாஜே' என்றால் அவனால் நீந்த முடியும். இரு வினைகளுக்கும் இடையே எவ்வகை இடைச்சொல்லும் இல்லை. மலாயிலும் 'பண்டாய் பெரெனாங்', 'போலே பெரெனாங்' என இவற்றைப் பிரித்துக் கூற வழியுண்டு.

இவ்வாறு மற்றொரு வினையை நேரே ஏற்கும் பிரெஞ்சு வினைகள் பல. அவற்றுக்கு நிகரான தமிழ்த் தொடர்களில் பெரும்பாலும் செயவென் எச்சமே நிற்பது காண்க. 'வுலுவார்' எனின் பாட விரும்புதல். 'அலே' எனின் பாடப் போதல். 'லெசே' எனின் போக விடுதல். 'ஃபேர்' எனின் உழைக்கச் செய்தல். 'வுவார்' எனின் வரக் காணுதல். 'ஆந்தாந்த்ர்' எனின் பாடக் கேட்டல். செல்லுதலைக் குறிக்கும் வினையே அடுத்து நிகழவிருப்பதையும் உணர்த்துவது இரு மொழிக்கும் பொது. 'இல் ஃபோ' என்பதும் நம் 'வேண்டும்' போலத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் வேறுபாடு கொள்ளாது.

ஒப்புமைக்கும் எல்லை உண்டு. தொடங்குதலைக் குறிக்கும் 'கொமான்சே' என்பதற்குப் பின் 'அ' என்னும் இடைச்சொல்லும், மறுத்தலைக் குறிக்கும் 'ரெஃபியூசே' என்பதற்குப் பின் 'தெ' என்பதும் வருதல் வேண்டும். தமிழிலோ 'பாடத் தொடங்கினான்', 'பாட மறுத்தான்' என்பனவும் நேரே நிற்கும். ஆகவே, பிரெஞ்சு கற்கும் தமிழர் இடறுவது இவ்விடத்தில்தான். அவர் தனியே மனங்கொள்ள வேண்டுவதும் இத்தகைய வினைகளையே.

தொல்காப்பியம் ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளைக் கூறும். 'செய' என்பது அவற்றுள் ஒன்று. அதன் இறுதி அகரமே அடுத்து வரும் வினையை அவாவி நிற்பதால், நான்காம் வேற்றுமை உருபு அங்கே வேண்டப்படுவதில்லை. 'நீந்துவதற்குத் தெரியும்', 'பாடுவதற்கு முடியும்' என எழுதுதல் வேண்டாத சுமை. எழுத்தில் மறவாது கொள்ளத்தக்கது வல்லின மிகுதி ஒன்றே: நீந்தத் தெரியும், பாடப் போகிறான், வரக் கண்டான்.

பிரெஞ்சு இன்றும் கற்கப்படும் புதுச்சேரியில், ஆசிரியர் ஆங்கிலத்தின் வழியே சுற்றிச் செல்லாமல் இவ்வொப்புமையிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். தெப்ராவில் தமிழ் கற்பிப்போருக்கோ பிரெஞ்சு ஒரு கண்ணாடியாக உதவும். சிறுவன் 'முடியும்' என்று எழுதும்போது, 'கற்றதைச் சொல்கிறாயா, ஆற்றலைச் சொல்கிறாயா?' என ஒருமுறை வினவினால் போதும். நழுவவிருந்த தொடர் அவன் நாவில் நிலைத்துவிடும்.