கதைப் புத்தகம் சொல்வது சரியா? புழு வளர்த்துச் சரிபார்க்கும் குட்டி வாசகர்கள்

ஒரு குட்டிப் புழு. திங்கட்கிழமை ஒரு ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய் எனத் தொடங்கி, வெள்ளிக்குள் 15 பழங்களைத் துளைத்துத் தின்றுவிடுகிறது. சனிக்கிழமை கேக், ஐஸ்கிரீம் எல்லாம் உள்ளே போக, வயிற்றுவலி. கடைசியில் கூடு கட்டி, பட்டாம்பூச்சியாக வெளியே வருகிறது. எரிக் கார்ல் எழுதி வரைந்து 1969-ல் வெளியான ‘தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்’ கதை இதுதான்.

அமெரிக்கத் தொடக்க வகுப்புகளில் பல குழந்தைகளுக்கு இது கிட்டத்தட்ட மனப்பாடம். ஆனால், இந்தக் கதையில் ஒரு அறிவியல் சிக்கல் இருக்கிறது. அதை ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளே கண்டுபிடித்துவிட முடியும்!

ஆத்தர் ஸ்டடி என்றால் என்ன?

ஒரே எழுத்தாளரின் நாலைந்து புத்தகங்களைச் சில வாரங்களுக்கு வகுப்பே சேர்ந்து வாசிப்பதுதான் ‘ஆத்தர் ஸ்டடி’. இவர் கதைகளில் திரும்பத் திரும்ப வருவது என்ன, படங்களை எப்படி உருவாக்குகிறார், ஏன் இதையே எழுதுகிறார் என்று குழந்தைகள் பேசுவார்கள். மெல்லிய தாளுக்குத் தானே வண்ணம் தீட்டி, வெட்டி ஒட்டிப் படம் செய்தவர் கார்ல். அதனால் வகுப்பிலும் அப்படியே ஒட்டிப் பார்ப்பார்கள்.

இவரது கதைகளில் விதை, சிலந்தி, மின்மினி என உயிரினங்கள்தான் நாயகர்கள். 1970-ல் வந்த ‘தி டைனி சீட்’ வாசிக்கும்போது, ஈரத் தாளில் பீன்ஸ் விதையை வைத்து, பையில் போட்டு ஜன்னலில் ஒட்டிவிடலாம். புழுக் கதைக்கு? நிஜப் புழுதான். ‘பெயின்டட் லேடி’ என்ற பட்டாம்பூச்சியின் புழுக்களை, உணவோடு சேர்த்து டப்பாவில் அடைத்து பள்ளிகளுக்கு விற்கிறார்கள். சுமார் மூன்று வாரங்களில் புழு பட்டாம்பூச்சியாவதை மேஜையிலேயே பார்க்கலாம்.

சிக்கல் எங்கே?

தினமும் பார்த்ததை வரைந்து, தேதி போட்டு, ஒரு வரி எழுத வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். கதையை நம்பிய குழந்தை, “கூடு கட்டும்” என்று எழுதும். ஆனால், டப்பாவில் இருக்கும் புழு தலைகீழாகத் தொங்கி, தோலை உரித்துப்போடும். உள்ளே இருப்பது கெட்டியாகிவிடும். கூடே இல்லை! “மிஸ், புத்தகத்துல வேற மாதிரி போட்டிருக்கே?” என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

நூல் நூற்றுக் கூடு கட்டுவது பெரும்பாலும் அந்துப்பூச்சிகள். பட்டுப்புழு அந்த வகைதான். பட்டாம்பூச்சிக்கு வெளியே தெரியும் ஓடு, அதன் உடம்பின் பகுதியே. ஆங்கிலத்தில் முதலாவது கக்கூன், இரண்டாவது கிரிசாலிஸ். தமிழில் பட்டாம்பூச்சியின் இந்தப் பருவத்தையும் ‘கூட்டுப்புழு’ என்றே சொல்வதால், நமக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

கார்லிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் “கூட்டைவிட்டு வெளியே வா” என்ற அர்த்தத்தில் அப்பா தன்னிடம் சொன்னதுதான் மனதில் இருந்தது என்றார். கூடு போன்ற ஒன்றைக் கட்டும் அரிய பட்டாம்பூச்சி இனமும் உண்டு என்று சுட்டிக்காட்டினார்.

ஏன் இரண்டும் சேர வேண்டும்?

அமெரிக்காவில் 2002-ல் வந்த ஒரு சட்டம், 3 முதல் 8-ஆம் வகுப்புவரை வாசிப்பு, கணிதம் இரண்டுக்கும் ஆண்டுதோறும் தேர்வு என்றது. அறிவியலுக்கு அந்த அழுத்தம் இல்லை. விளைவு, தொடக்க வகுப்புகளில் அறிவியல் நேரம் சுருங்கியது. வாசிப்பு நேரத்துக்குள்ளேயே அறிவியலைக் கொண்டுவருவது ஆசிரியர்களுக்கு ஒரு வழி.

ஆனால், சும்மா சேர்த்தால் போதாது. புழுவைக் காட்டிவிட்டு எதையும் எழுத வைக்காவிட்டால், அது வெறும் வேடிக்கை. “புத்தகம் தப்பு” என்று ஆசிரியரே சொல்லிவிட்டால், குழந்தைக்குக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. அச்சில் இருப்பதையும் சரிபார்க்கலாம், சரிபார்த்த பிறகும் அந்தக் கதையை ரசிக்கலாம் என்ற இரண்டும் சேர்ந்து பழகுவதுதான் இங்கே லாபம். சில புழுக்கள் செத்துப்போகும். அதையும் மறைக்காமல் நோட்டில் எழுத வேண்டும்.

வீட்டில் செய்யலாமா?

தாராளமாக. நம்மூர் கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் எலுமிச்சைப் பட்டாம்பூச்சி முட்டையிடும். இளம் புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொந்தரவு செய்தால் கொம்பு போன்ற ஒன்றை நீட்டி வாடை கிளப்பும். பயப்பட வேண்டாம்.

புழுவை இலையோடு எடுத்து, துணி மூடிய பாட்டிலில் விடுங்கள். ஏறித் தொங்க ஒரு குச்சி வையுங்கள். தினமும் அதே செடியின் புது இலை கொடுங்கள், மருந்து அடித்த இலை கூடாது. பட்டாம்பூச்சி வெளியே வந்ததும் இறக்கை காயும்வரை தொடாதீர்கள். பிறகு, அந்தச் செடியருகே பறக்கவிடுங்கள். மறக்காமல் குழந்தை கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள்.