பழகுநர் உரிமம்

பழகுநர் உரிமம் என்பது, மோட்டார் வாகனம் ஓட்டக் கற்றுக்கொள்பவர் பொதுச் சாலையில் ஓட்டிப் பழகுவதற்காக அரசு வழங்கும் தற்காலிக அனுமதி ஆகும். தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் இதை 'எல்எல்ஆர்' என்கிறார்கள். நிரந்தர ஓட்டுநர் உரிமம் பெற விரும்பும் எவரும் முதலில் இதைப் பெற்றாக வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் இதற்கு அடிப்படை. இவை இரண்டும் 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன.

திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறைப் பகுதியில் வசிப்போருக்கு, மணப்பாறையில் உள்ள போக்குவரத்துத் துறையின் பகுதி அலுவலகம் இந்த உரிமங்களை வழங்குகிறது. இங்குப் பதிவாகும் வண்டிகளின் எண் 'டிஎன் 45 இசட்' என்று தொடங்கும். திருச்சி மேற்குக்கு 45, ஸ்ரீரங்கத்துக்கு 48, திருச்சி கிழக்குக்கு 81 என்பவை குறியீட்டு எண்கள்.

யார் பெறலாம்?

கியர் உள்ள இருசக்கர வாகனம், கார் ஆகியவற்றுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். சரக்கு, பயணிகள் வாகனங்களுக்கு 20 வயது வேண்டும். அவற்றுக்குப் பழகுநர் உரிமம் கேட்பவர், இலகுரக வாகன உரிமத்தைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும்.

பதினாறு வயதிலேயே உரிமம் கிடைக்கும் என்று பள்ளி மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. இது பாதி உண்மைதான். பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ சம்மதத்துடன், 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே அந்த உரிமம் செல்லும். இன்று கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 சிசிக்கு மேற்பட்டவை. எனவே 16 வயது உரிமத்தை வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள 110 சிசி ஸ்கூட்டரை ஓட்டினாலும், அது உரிமமின்றி ஓட்டியதாகவே கொள்ளப்படும்.

2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இதற்குக் கடுமையான தண்டனை வகுத்துள்ளது. 18 வயது நிரம்பாதவர் ஓட்டி குற்றம் நேர்ந்தால், பாதுகாவலர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய சிறாருக்கு 25 வயது நிரம்பும் வரை பழகுநர் உரிமம்கூட கிடைக்காது. கல்லூரிக் காலத்தையும் முதல் வேலையையும் உரிமமின்றிக் கழிக்க நேரும் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

முதல் தேர்வு

'சாரதி' இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வயதுச் சான்று, முகவரிச் சான்று, உடல்தகுதி குறித்து விண்ணப்பதாரரே அளிக்கும் உறுதிமொழியான படிவம் 1 ஆகியவை தேவை. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலுள்ள காரின் எண் பலகையைப் படிக்க முடிகிறதா என்பது அப்படிவத்தில் உள்ள ஒரு கேள்வி. கண்ணாடி அணிபவர் அணிந்துகொண்டே படித்துப் பார்க்கலாம். கையெழுத்திடும் முன் இதை உண்மையாகவே செய்து பார்ப்பது நல்லது. மத்திய விதிகளின்படி உரிமக் கட்டணம் வாகன வகை ஒன்றுக்கு 150 ரூபாய், தேர்வுக் கட்டணம் 50 ரூபாய்.

கணினி வழித் தேர்வில் 60 விழுக்காடு விடைகள் சரியாக இருக்க வேண்டும். விதிகள் சொல்லும் பாடங்கள் நான்கு:

1. போக்குவரத்துக் குறியீடுகளும் சாலை விதிகளும். சிவப்பு வட்டம் பெரும்பாலும் தடையையும், சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் எச்சரிக்கையையும், நீலச் செவ்வகம் தகவலையும் தெரிவிக்கும்.
2. விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை. காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் இதில் அடங்கும்.
3. ஆளில்லாத ரயில்வே கடவையில் கடைப்பிடிக்க வேண்டிய எச்சரிக்கை.
4. வண்டி ஓட்டும்போது வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்.

பழகும் காலத்தில் பின்பற்ற வேண்டியவை

பழகுநர் உரிமம் 6 மாதங்கள் செல்லும். அதைப் பெற்று 30 நாட்கள் ஆன பிறகே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல முடியும். ஜூன் 1 அன்று உரிமம் பெற்றவர் ஜூலையில் தேர்வுக்குப் போகலாம். நவம்பர் 30க்குப் பிறகு அந்த உரிமத்தைக் கொண்டு ஓட்ட முடியாது.

இக்காலத்தில் தனியாக ஓட்டக் கூடாது. செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உடன் அமர்ந்திருக்க வேண்டும். இருசக்கர வாகனத்தில், கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. இருவருமே தலைக்கவசம் அணிய வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும், 18 செ.மீ. சதுர வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நிற 'எல்' எழுத்து தெரிய வேண்டும். அந்த எழுத்து குறைந்தது 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகள் காப்பீட்டுடனும் தொடர்புடையவை. பழகுநர் உரிமமும் சட்டப்படி ஓர் உரிமமே என்று 2004ஆம் ஆண்டு சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் மோட்டார் காப்பீட்டுப் பத்திரங்கள், பழகுநர் மேற்கண்ட விதியை நிறைவேற்றியிருக்க வேண்டும் என்று நிபந்தனை இடுகின்றன. துணைக்கு ஆளின்றி ஓட்டி விபத்து நேர்ந்தால், இழப்பீடு பெறுவதில் சிக்கல் எழும்.

எவ்வளவு பழக வேண்டும்?

கார் கற்றுத்தரும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி குறைந்தது 21 நாட்கள் பாடம் நடத்த வேண்டும் என்றும், அதில் 10 மணி நேரமாவது வண்டி ஓட்டப் பழக்க வேண்டும் என்றும் விதி உள்ளது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 21 வயதுக்குட்பட்டவர்கள் 120 மணி நேரம் ஓட்டிய பிறகே தேர்வுக்குப் போக முடியும். நம் விதி கேட்பது அடிப்படை அளவு மட்டுமே என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

எனவே ஆறு மாத அவகாசத்தை முழுவதும் பயன்படுத்துவது நல்லது. முதலில் வெற்று மைதானத்தில் கிளட்ச், பிரேக், கியர் பழகலாம். அடுத்து ஊர்ச் சாலைகள், பிறகு நகரத் தெருக்கள், கடைசியாக நெடுஞ்சாலை என்று படிப்படியாகச் செல்லலாம். மணப்பாறை திண்டுக்கல்–திருச்சி தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர். கிராமச் சாலையிலிருந்து நெடுஞ்சாலையில் சேரும்போது எதிர்ப்படும் வண்டிகளின் வேகம் சட்டென்று மாறும். நின்று, இருபுறமும் பார்த்து, இடைவெளியைக் கணித்து நுழைவதைத் தனியாகப் பழக வேண்டும். மாட்டுச் சந்தை கூடும் நாட்களில் கால்நடைகளும் அவற்றை ஏற்றிய வண்டிகளும் சாலையில் மிகும். மாட்டின் அருகே ஹாரன் அடித்தால் அது மிரளும். வேகத்தைக் குறைத்து, இடம் விட்டுச் செல்வதே சரி.

ஓட்டுநர் தேர்வு

மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். இருசக்கர வாகனத்துக்குக் காலை ஊன்றாமல் 'எட்டு போட'ச் சொல்வார்கள். சக்கரத்தைக் குனிந்து பார்க்காமல், திரும்ப வேண்டிய திசையைப் பார்த்துக் குறைந்த கியரில் சீராகச் சென்றால் தடுமாற்றம் வராது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் தேர்வு எழுதியவருக்கு கியர் உள்ள பைக்கை ஓட்ட உரிமை கிடைக்காது.

கார் ஓட்டுபவரிடம், புறப்படும் முன் கண்ணாடியைச் சரிசெய்தல், சைகை காட்டித் தடம் மாறுதல், ஏற்றத்தில் நிறுத்திப் பின்னோக்கி உருளாமல் மீண்டும் கிளப்புதல், குறுகிய இடத்தில் பின்னோக்கி எடுத்தல், பாதசாரிகளுக்கு வழிவிடுதல் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தேர்ச்சி பெறாதவர் 7 நாட்கள் கழித்து மீண்டும் வரலாம். மூன்று முறை தவறினால் 60 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

உரிமம் பெற்ற பிறகு

சில நாடுகளில் தேர்ச்சி பெற்றவருக்கு முதலில் தகுதிகாண் உரிமமே கிடைக்கும். மலேசியாவில் இது 2 ஆண்டுகள், சிங்கப்பூரில் ஓராண்டு. சிங்கப்பூரில் அந்த ஓராண்டுக்குள் 13 தவறுப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் பறிபோகும். இந்தியாவில் அப்படி ஓர் இடைநிலை இல்லை. நேற்று வரை துணையுடன் மட்டுமே ஓட்டியவர், உரிமம் வந்த மறுநாளே இரவிலும் மழையிலும் தனியாக நெடுஞ்சாலையில் ஓட்டலாம். சட்டம் வைக்காத அந்த வரம்பைப் புதிய ஓட்டுநர் தாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் சில மாதங்களுக்கு இரவுப் பயணத்தையும் நண்பர்களை நிறைய ஏற்றிச் செல்வதையும் தவிர்ப்பது, அறிமுகமில்லாத நெடுஞ்சாலையில் அனுபவமுள்ள ஒருவரை உடன் அழைத்துச் செல்வது ஆகியவை அதற்கு உதவும்.