பெரிய எந்திரமா, சரியான இருக்கையா?

சிக்காகோவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற கோடையில் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். மிச்சிகன் ஏரியில் குடும்பத்தோடு உலாவ, உள்ளே சிறு அறை உள்ள பழைய விசைப்படகு ஒன்றை வாங்கப் போகிறாராம். 'கேபின் குரூசர்' என்பது அதன் பெயர்.

"ஐயா, இரண்டு படகுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. 24 அடி நீளம். முதல் படகில் 5.7 லிட்டர் பெட்ரோல் எந்திரம், 300 குதிரைத்திறன். அதன் திறந்த தளத்தில் பின் ஓரமாகப் பெரிய வளைவு இருக்கை. மற்றதில் 5 லிட்டர், 260 குதிரைத்திறன். அதில் எல்லோரும் ஓட்டுபவரின் அருகிலேயே உட்கார வேண்டும். எதை வாங்கலாம்? பிள்ளைகள் இருவரும் பின் இருக்கைதான் வேண்டும் என்கிறார்கள்."

மீனவர் வல்லத்தைத் தவிர வேறு படகில் நான் ஏறியதில்லை. ஆனால் கேள்வி இயற்பியல் சார்ந்தது. நீங்களும் என்னோடு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படகு மெதுவாகச் செல்லும்போது நீரை விலக்கிக்கொண்டு போகிறது. முன்புறம் ஓர் அலை எழுகிறது. அந்த அலை படகின் வேகத்திலேயே கூட வருகிறது. ஆழமான நீரில் அலையின் வேகம் அதன் நீளத்தைப் பொறுத்தது: வேகத்தின் வர்க்கம் = g × அலைநீளம் ÷ 2π. நீரைத் தொடும் பகுதி 20 அடி, அதாவது 6.1 மீட்டர் என்று கொள்வோம். அலைநீளமும் அதே அளவானால் வேகம் நொடிக்கு 3.1 மீட்டர், மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். அதற்கு மேல் முடுக்கினால் என்ன ஆகும்? அலை படகைவிட நீண்டுவிடும். பின்புறம் பள்ளத்தில் இறங்கும். முன்புறம், நம் மீனவர்கள் அணியம் என்பார்களே, அது வானத்தைப் பார்க்கும். படகு தான் உண்டாக்கிய மேட்டின்மீது தானே ஏற முயல்கிறது! 11 கிலோமீட்டர் வேகத்துக்கு 20 குதிரைத்திறன்கூடத் தேவையில்லை. மேட்டைத் தாண்டத்தான் பெரிய எந்திரம் வேண்டும்.

தாண்டிவிட்டால் நிலைமை மாறுகிறது. அடிப்பகுதி நீரைக் கீழே தள்ளுகிறது. நீர் படகை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான். அரை உடல் வெளியே தெரிய, படகு நீரின்மேல் வழுக்கிச் செல்கிறது.

வழுக்கும் படகின் வேகத்தை மதிப்பிட ஜார்ஜ் கிரௌச் என்ற அமெரிக்கப் படகு வடிவமைப்பாளரின் பெயரால் ஓர் எளிய சூத்திரம் உண்டு. படகின் எடையைப் பவுண்டில் எடுத்து, குதிரைத்திறனால் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். 150-ஐ அதனால் வகுத்தால் மணிக்கு இத்தனை மைல் என்று கிடைக்கும். (150 என்பது இவ்வகைப் படகுகளுக்கான எண்.) மாணவரின் படகு 6,500 பவுண்டு. சிறிய எந்திரத்துக்கு 6,500 ÷ 260 = 25; மூலம் 5; வேகம் 30 மைல். பெரியதற்கு 32 மைல். திறன் 15 சதவீதம் கூடியும் வேகம் 7 சதவீதமே கூடுகிறது. இதற்காகவா கூடுதல் விலை?

அவசரப்படாதீர்கள். படகு வெறுமையாகப் போவதில்லை. ஆட்கள், பெட்ரோல், குடிநீர், சாப்பாட்டுக் கூடை எல்லாம் சேர்ந்து 1,000 பவுண்டு ஏறட்டும். இப்போது சிறிய எந்திரம் 28 மைல் தருகிறது, பெரியது 30. நிதானமாக 24 மைலில் போக இரண்டுக்கும் தேவை ஒரே 192 குதிரைத்திறன்தான். சிறியது தன் வலிமையில் 74 சதவீதமும் பெரியது 64 சதவீதமும் உழைக்கும். எரிபொருள் செலவோ ஏறக்குறைய ஒன்றே. பெரிய எந்திரம் எப்போதும் அதிகம் குடிக்கும் என்பது பலருக்குள்ள தவறான எண்ணம், குடிப்பது வேகம்! எடையிலும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் ஒரே குடும்பத்து எட்டுச் சிலிண்டர் எந்திரங்கள். உருளையின் விட்டம் ஒன்றில் 95 மில்லிமீட்டர், மற்றதில் 101.6. பிஸ்டன் நகரும் தூரம் இரண்டிலும் 88.4. கொள்ளளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 5 லிட்டரும் 5.7 லிட்டரும் வரும்.

இதுவரை பெரிய எந்திரத்தின் பக்கமே தராசு சாய்கிறது. இருக்கையை இனிமேல்தான் பார்க்கப் போகிறோம்.

எந்திரம் ஏற்கெனவே பின்கோடியில் இருக்கிறது. அதற்கு மேலேயே நான்கு பேர், ஆளுக்கு 70 கிலோ, உட்கார்ந்தால்? அவர்களை 2 மீட்டர் முன்னே நகர்த்துங்கள். 280 × 2 = 560. மொத்த எடையான 3,400 கிலோவால் வகுத்தால், ஈர்ப்பு மையம் 16 சென்டிமீட்டர் முன்னே வருகிறது. மேட்டைத் தாண்டும் நேரத்தில் இது சிறிய அளவன்று. பின்பாரம் மிகுந்த படகில் அணியம் உயர்ந்து, ஓட்டுபவரின் பார்வையை மறைக்கும். எதிரே நீந்துபவர் ஒருவர் இருந்தால்? ஓட்டும் இருக்கை பெரும்பாலும் வலப்பக்கம் இருப்பதும் நல்லதே. குறுக்கே வலப்புறமிருந்து வரும் விசைப்படகுக்கு நாம்தான் வழிவிட வேண்டும் என்பது விதி.

தளத்தின் உயரத்தையும் பார்க்கச் சொன்னேன். 2 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில் கால் மீட்டர் நீர் நின்றால் அது ஒரு டன். தளம் வெளிநீர் மட்டத்துக்கு மேலே இருந்தால் துளைகள் வழியே தானே வடிந்துவிடும். தாழ்வாக இருந்தால் பம்புதான் கதி.

என்னை மிகவும் கவலைப்படுத்தியது வேறொன்று. ஓடும் படகின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் எந்திரத்தின் புகை திரும்பித் தளத்துக்குள் இழுக்கப்படுகிறது. மேலே துணிக்கூரை போட்டிருந்தால் இன்னும் அதிகம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பவல் ஏரியில், நின்றிருந்த வீட்டுப்படகு ஒன்றின் பின்புறம் நீந்திய சகோதரர்களான இரு சிறுவர்கள், அதன் மின்னாக்கி எந்திரத்தின் புகையால் உயிரிழந்தனர். திறந்த வெளிதானே என்று நம்பி இருக்க முடியாது.

ஆகவே, "இரண்டு படகுகளையும் முழுச் சுமையுடன் ஓட்டிப் பார், வெறும் படகில் விற்பவரோடு மட்டும் போகாதே" என்று பதில் எழுதினேன். அவரும் அப்படியே செய்தார். பெரிய எந்திரப் படகில் நால்வரும் பின்னால் உட்கார்ந்தபோது, அணியம் இறங்கும்வரை முன்னே எதுவும் தெரியவில்லையாம். இருவர் முன்னால் வந்ததும் சரியாயிற்று. சிறிய எந்திரப் படகு தயங்கித்தான் மேட்டை ஏறியது. ஆனால் பார்வை மறையவில்லை.

இரண்டாவதையே வாங்கிவிட்டார். மிச்சமான பணத்தில் ஒரு சுற்றுக்கு 2 அங்குலம் குறைவாக முன்னேறும் உந்துசுழலி ஒன்றைப் பூட்டினார். மலையேறும் லாரி கியரை மாற்றுவது போன்ற உபாயம் அது. உச்ச வேகம் சற்றுக் குறைந்ததாம், மேடு எளிதாயிற்று. அறைக்குள் ஒன்றும் தளத்தில் ஒன்றுமாகக் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணிகளும் மாட்டியிருக்கிறார். பிள்ளைகளுக்குத்தான் இன்னும் கோபம் தீரவில்லை என்று எழுதியிருந்தார்.